லித்தியம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கருவுற்றிருக்கிறேன். மாத்திரையை உடனே நிறுத்த வேண்டுமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. கரூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போது எனக்கு பைபோலார் நோய் (மனம் அளவுமீறி எழும்புவதும் சோர்வதும் மாறி மாறி வருவது) இருப்பது தெரியவந்தது. பல இரவுகள் தொடர்ந்து தூங்காமல், ஏற்றுமதி நிறுவனம் தொடங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு அம்மாவின் நகையை அடகு வைக்கக் கிளம்பிய நிலையில்தான் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு கடுமையான மனச்சோர்வு வந்து, உயிரோடு இருக்க வேண்டாம் என்று எண்ணும் அளவுக்குப் போய் மீண்டேன். திருமணப் பேச்சு தொடங்கியபோதே என் மனநல மருத்துவர், அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்த வால்ப்ரோயேட், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு ஏற்ற மருந்தல்ல என்று சொல்லி, அதைப் படிப்படியாகக் குறைத்து லித்தியத்துக்கு மாற்றினார். காலையில் 400 மி.கி., இரவில் 400 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளாக நோயின் சுவடே இல்லை.

இப்போது எனக்கு ஏழாவது வாரம் நடக்கிறது. முதல் பரிசோதனைக்குப் போனபோது மகப்பேறு மருத்துவர் என் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, இதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றும், இதுவரை சாப்பிட்டதற்கே குழந்தையின் இதயத்தில் குறை வரக்கூடும் என்றும், கலைத்துவிடலாமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு வரும்படியும் சொன்னார். என் மனநல மருத்துவர் வெளியூர் சென்றிருப்பதால் அடுத்த வாரம்தான் அவரைப் பார்க்க முடியும். கணவருக்கு என் நோயைப் பற்றி எல்லாம் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மாத்திரை அட்டைகளை வெட்டிக் கால்சியம் டப்பாவுக்குள் போட்டு வைத்துச் சாப்பிட்டு வருகிறேன். இனி அந்த டப்பாவைத் திறக்கலாமா, கூடாதா என்பதுதான் என் கேள்வி. நிறுத்தினால் எனக்கு என்ன ஆகும், தொடர்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை யாராவது மழுப்பாமல் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகை மருத்துவர் எழுதியது:

சகோதரி, நான் மனநல மருத்துவராகப் பணியாற்றுபவன். உங்களை நேரில் பார்க்காமல் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்ல முடியாது; ஆனால் உங்கள் மருத்துவரைப் பார்க்கும்வரை நீங்களாக மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த வாரம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அவருடைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, கருவுற்றிருக்கும் செய்தியை இன்றே அவர் காதில் போடச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். கட்டணமில்லாத டெலி மானஸ் எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசவும் முடியும்.

முதலில் குழந்தையின் இதயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லித்தியத்துக்கும் எப்ஸ்டைன் குறைபாடு எனப்படும் இதயக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்ற எச்சரிக்கை 1970களில் வந்தது. லித்தியம் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் தாங்களாக விரும்பி அனுப்பிய தகவல்களைக் கொண்டு அன்று ஒரு பதிவேடு தொகுக்கப்பட்டது. ஆபத்து 400 மடங்கு கூடுகிறது என்ற கணக்கு அந்தப் பதிவேட்டிலிருந்து பிறந்ததுதான். நலமாகப் பிறந்த குழந்தையைப் பற்றி யாரும் வேலை மெனக்கெட்டுக் கடிதம் எழுதுவதில்லை. குறையோடு பிறந்த குழந்தையைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆகவே அந்தக் கணக்கு பெரிதும் ஊதிப்போயிருந்தது. பின்னர் அமெரிக்காவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் லித்தியம் எடுத்தவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 2.41 பேருக்கும், எடுக்காதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 1.15 பேருக்கும் இதயக் குறைபாடு காணப்பட்டது. அளவைப் பொறுத்தும் ஆபத்து மாறியது. மற்றக் காரணங்களை ஒதுக்கிக் கணக்கிட்டபோது நாளொன்றுக்கு 600 மி.கி. வரை எடுத்தவர்களிடம் ஆபத்து ஏறக்குறைய மற்றவர்களுக்குச் சமமாகவும் (1.11 மடங்கு), 600-க்கு மேல் 900 வரை எடுத்தவர்களிடம் 1.6 மடங்காகவும், அதற்கும் மேல் எடுத்தவர்களிடம் 3.2 மடங்காகவும் இருந்தது. நீங்கள் எடுக்கும் 800 மி.கி. நடுப்பிரிவில் வருகிறது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும், நூறு பேரில் 97 பேருக்கும் மேலானவர்களின் குழந்தைகளுக்கு இதயம் சரியாகவே அமைகிறது என்னும்போது, லித்தியம் சாப்பிட்டார் என்ற ஒரே காரணத்துக்காகக் கருவைக் கலைக்கச் சொல்வதற்கு மருத்துவ நியாயம் இல்லை. குழந்தை வேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்த முடிவைத் தவறான எண்ணிக்கையை நம்பி எடுக்கக்கூடாது.

இனி மருந்தை நிறுத்தினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். கர்ப்பகாலத்தில் பைபோலார் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 85.5 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது; தொடர்ந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. இதில் பங்கேற்றவர்கள் சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்கள், எண்ணிக்கையிலும் 89 பேர்தான். ஆகையால் எல்லா நோயாளிகளுக்கும் இதே விழுக்காடு பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனாலும் திடீரென நிறுத்தியவர்களுக்கு, மெல்லக் குறைத்தவர்களைவிட விரைவில் நோய் திரும்பியது என்று அந்த ஆய்வு காட்டியதை எங்கள் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நோய் முற்றித் திரும்பினால் சாப்பாடு, தூக்கம், பரிசோதனை எல்லாம் தவறிப்போகும். அப்போது ஒரு மருந்தோடு முடிந்திருக்க வேண்டியது, இரண்டு மூன்று மருந்துகளை அதிக அளவில் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடும். அவையும் குழந்தையைத்தான் போய்ச் சேரும். இன்று மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் மருத்துவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கக்கூடும். லித்தியத்தைக் குறைந்த அளவில் தொடரலாம். மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு, இதயம் உருவாகும் முதல் மூன்று மாதங்கள் முடிந்த பிறகு மீண்டும் தொடங்கலாம். உங்களுக்கு ஏழாவது வாரமே நடப்பதால் இந்த வழியின் பயன் நாளுக்கு நாள் குறைகிறது. அல்லது ஓலான்சபின், க்வெட்டியாபின் போன்ற வேறொரு மனநல மருந்துக்கு மாற்றலாம். முன்பு கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்து, தற்கொலை எண்ணம்வரை போய், லித்தியத்தால் நான்கு ஆண்டுகள் நலமாக இருக்கும் ஒருவருக்கு நான் பெரும்பாலும் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு முன் கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனோடு, வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, இதை இன்றே நினைவில் வைக்க வேண்டும். மசக்கையில் வாந்தி அதிகமாகி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நாளில் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம் கூடுதல், தள்ளாடிய நடை, நாக்குக் குழறல், வயிற்றுப்போக்கு இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

தங்கை, எனக்கு இருந்தது உங்கள் நோய் அல்ல. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. முதல் கர்ப்பத்தில் இரண்டாம் மாதமே என் மாத்திரை நிறுத்தப்பட்டது. ஐந்தாம் மாதத்தில் நான் பாலைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் ஊற்றிய பிறகு, அதில் பல்லி விழுந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டுக் கொட்டிவிட்டு, மறுபடியும் காய்ச்சி, மறுபடியும் கொட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவிக் கழுவி உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. எடை கூட வேண்டிய மாதத்தில் எடை குறைந்தது. வீட்டில் எல்லோரும் நான் குழந்தைக்காக மாத்திரையை விட்டதைப் பாராட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, அந்தக் குழந்தை அப்போது பட்டினி கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது கர்ப்பத்தின்போது, கருவுறுவதற்கு முன்பே வேறொரு மனநல மருத்துவரிடம் போய்த் திட்டம் போட்டுக்கொண்டோம். செர்ட்ராலின் 100 மி.கி. முழுக் கர்ப்பகாலமும் எடுத்தேன். குழந்தை பிறந்த பிறகு முதல் சில நாட்கள் சற்று அதிகமாக அழுது, கை கால்களை வெடுக்கென்று உதறியது. இது தாய் எடுத்த மருந்திலிருந்து குழந்தை விடுபடும்போது சிலருக்கு வருவது, தானாக அடங்கும் என்று குழந்தை மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை; அது அப்படியே அடங்கியது. அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான்.

அனுபவத்தில் இருந்து ஒரு யோசனை. உங்கள் நோயையும் மருந்தையும் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) உள்ள தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும். அந்த அட்டை வீட்டில் எல்லோர் கைக்கும் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே இரு மருத்துவர்களும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைத் தனியாக வாங்கி, ஸ்கேன் அறிக்கைகளோடு உறையில் வைத்துக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். வலி எடுத்து மருத்துவமனைக்குப் போகும் இரவில் உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் பணியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. பணியில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, மேலே எழுதியவர்களின் படிப்பையும் அனுபவத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1957 முதல் 1961 வரை தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்குப் பாதுகாப்பானது என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை நம்பிய தாய்மார்களுக்கு ஆயிரக்கணக்கில் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. இன்று பாதுகாப்பு என்று சொல்லப்படுவது நாளை மாறாது என்பதற்கு என்ன உறுதி? வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒன்பது மாதங்கள்தானே, தியானம், மூச்சுப்பயிற்சி, தாய்வீட்டு அமைதி, நல்ல உணவு இவற்றைக் கொண்டு கடக்க முடியாதா என்று முயன்று பார்ப்பதில் என்ன தவறு? எங்கள் தலைமுறையில் மனம் கலங்கிய பெண்களும் பிள்ளை பெற்றார்கள். அவர்களுக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்பதால் குலம் அற்றுப்போய்விடவில்லை. கோபித்துக்கொள்ளாமல் யோசிக்க வேண்டுகிறேன்.

மருந்தாளுநர், திருச்சி எழுதியது:

ஐயா, உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தாலிடோமைடைக் கருவுற்றவர்களிடம் உரிய முறையில் ஆராயாமலே விற்றார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் கர்ப்பகால மருந்துகளைப் பற்றிய கண்காணிப்பு இறுகியது. நாம் இங்கே பேசும் மருந்துகள் பெருந்தொகையான கர்ப்பங்களின் பதிவுகளைக் கொண்டு ஆராயப்பட்டவை. செர்ட்ராலினை உள்ளடக்கிய மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 9,49,504 கர்ப்பங்களைப் பார்த்தது. அவர்களில் 64,389 பேர் முதல் மூன்று மாதங்களில் இவ்வகை மருந்தை எடுத்தவர்கள். மனச்சோர்வு நோயையும் அதோடு சேர்ந்து வரும் மற்றக் காரணங்களையும் கணக்கில் கொண்டபோது, குழந்தையின் இதயக் குறைபாட்டில் குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு. பிரசவத்தை நெருங்கிய மாதங்களில் எடுத்தால் குழந்தையின் நுரையீரல் இரத்த அழுத்தம் சார்ந்த ஒரு கோளாறு, ஆயிரத்தில் ஏறக்குறைய 2 என்ற நிலையிலிருந்து 3-க்கு உயரலாம். இந்த அளவு துல்லியமாகச் சொல்ல முடிவதே, இந்த மருந்துகள் உற்றுநோக்கப்படுகின்றன என்பதற்குச் சான்று.

அதே கண்காணிப்புதான் சில மருந்துகளை வெளியேற்றவும் சொன்னது. வால்ப்ரோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், டைவால்ப்ரோயெக்ஸ் என்ற பெயரிலும் வருகிறது. கர்ப்பத்தில் அதை எடுத்தால் நூற்றில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்குப் பெரிய உடற்குறை வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவது அதில் ஒன்று. நூற்றில் 30 முதல் 40 குழந்தைகள் பேச்சு, நடை, கற்றல் இவற்றில் பின்தங்குகிறார்கள். வலிப்புக்காக மருந்து எடுத்த தாய்மார்களின் குழந்தைகளை ஆறு வயதில் அளந்தபோது, லாமோட்ரிஜின் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் ஈவு சராசரியாக 108, வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு 97. உடற்குறை பெரும்பாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும். இந்தக் குறை எந்த ஸ்கேனிலும் தெரியாது. கேள்வி கேட்ட சகோதரிக்குத் திருமணத்துக்கு முன்பே அதை மாற்றிக் கொடுத்த மருத்துவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில், இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்களுக்கு எந்த எச்சரிக்கையும் இன்றி ஆண்டுக்கணக்கில் வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருப்பதை இன்னமும் பார்க்கிறேன். இந்த இழையைப் படிக்கும் யாராவது அதை எடுத்துக்கொண்டிருந்தால், தாங்களாக நிறுத்தாமல், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் மாற்று மருந்தைக் கேளுங்கள். முதுகுத்தண்டு மூடும் காலம் கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதைக் கவனித்துப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் போவதற்குள் அந்த நாட்கள் கடந்திருக்கும்.

தியானத்தைப் பற்றி: இலேசான மனச்சோர்வோ பதற்றமோ இருப்பவர்கள் பலர் மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தைக் குறைத்து நிறுத்தி, பேச்சுவழிச் சிகிச்சையையும் நீங்கள் சொன்ன அமைதியையும் கொண்டு கர்ப்பகாலத்தை நலமாகக் கடக்கிறார்கள். அந்த அளவில் உங்கள் கருத்து சரி. பைபோலார் நோயும் மனச்சிதைவு நோயும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் கர்ப்பிணியிடம் ஒன்பது மாதம் மூச்சுப்பயிற்சி செய்து பார் என்று நாம் சொல்வதில்லை. உங்கள் தலைமுறையில் மனம் கலங்கிய பெண்கள் பிள்ளை பெற்றார்கள் என்பது உண்மைதான், ஐயா. அவர்களில் எத்தனை பேர் பிரசவத்துக்குப் பின் கிணற்றில் விழுந்தார்கள், எத்தனை பேர் பேய் பிடித்ததாகச் சொல்லிக் கோயில் தூணில் கட்டப்பட்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியாக, கூகுளில் மருந்தின் பெயரைத் தேடினால் கர்ப்பகால ஆபத்தைக் குறிக்கும் எழுத்தாக 'சி பிரிவு', 'டி பிரிவு' என்று வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1979-ல் கொண்டுவந்த அந்த எழுத்துகளை, அவை மருத்துவர்களையும் நோயாளிகளையும் குழப்புகின்றன என்பதால் அந்த அமைப்பே 2015 முதல் கைவிட்டது. பழைய பக்கங்களில் அவை இன்னும் கிடக்கின்றன. அந்த ஓர் எழுத்தைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, நீங்கள் அக்கறையோடுதான் எழுதினீர்கள் என்பது புரிகிறது. ஆனால் நான் நோயில் இருந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் கண்மூடி உட்காரவே முடியாது.

டாக்டர் சொன்னபடி தொலைபேசியில் செய்தி அனுப்பினேன்; என் மனநல மருத்துவர் அன்றைக்கே திரும்ப அழைத்தார். இரத்தத்தில் லித்தியம் 0.8 இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நாளொன்றுக்கு 600 மி.கி. ஆகக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். என்னிடமே மகப்பேறு மருத்துவரின் எண்ணை வாங்கி அவரோடும் பேசினார். அவரும் இப்போது கலைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். கணவர் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து, அவருடைய சித்தி ஒருவர் குழந்தை பெற்ற பத்தாம் நாள் வீட்டைவிட்டு ஓடிப்போனதைச் சொன்னார்.

இப்போது இரண்டு சந்தேகங்கள். பிரசவத்துக்குப் பிறகு நான் பால் கொடுக்கலாமா? மாமியார் பத்தியத்தைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கிவிட்டார். உப்பைக் குறைப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் எங்கள் பக்கத்தில் கட்டாயம். காலில் நீர் வந்தால் கர்ப்பத்திலேயே உப்பை நிறுத்திவிடுவார்கள். இதில் மாத்திரைக்குத் தொந்தரவு ஏதும் உண்டா?

வைகை மருத்துவர் எழுதியது:

நல்ல செய்தி, சகோதரி. நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதுதான் மிக முக்கியமான கேள்வி. பல மருத்துவர்களுக்கே இதைக் கேட்டறியும் பழக்கம் இல்லை. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உணவில் உப்பு குறைந்தால் உடல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தாலும் இதே கதைதான். ஆகவே கர்ப்பத்திலும் சரி, பிரசவத்துக்குப் பிறகும் சரி, உங்களுக்கு உப்பில்லாப் பத்தியம் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கக்கூடாது. பூண்டுக் குழம்பு, கருவாடு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப்பொடி எல்லாவற்றையும் மாமியார் மனம்போல் கொடுக்கட்டும். உப்பும் தண்ணீரும் மட்டும் நீங்கள் வழக்கமாக எடுக்கும் அளவில் இருக்கட்டும். கால் வீங்கினால் உப்பை நிறுத்துவதற்கு முன் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறியிருந்தால் அது வேறு சிக்கல். அதற்குக் கொடுக்கும் சில மருந்துகளும் லித்தியத்தின் அளவை மாற்றும் என்பதால் இரு மருத்துவர்களும் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பத்தியத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வடிகட்டும். நடு மாதங்களில் இரத்தத்திலுள்ள லித்தியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகலாம். அப்போது அளவைக் கூட்ட நேரிடலாம். அதனால் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், 36 வாரங்களுக்குப் பிறகு வாரம் ஒருமுறையும் இரத்தம் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்ததும் சிறுநீரகம் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். கூட்டிய அளவை அப்படியே தொடர்ந்தால், அதோடு பத்தியமும் சேர்ந்தால், தாய்க்கு லித்தியம் நஞ்சாகிவிடும். பிரசவ வலி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தி வைத்து, நரம்பு வழியாக நீர் ஏற்றி, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் பார்த்து, பிறகு கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவை ஒட்டித் தொடங்குவது வழக்கம். செங்காந்தள் அவர்கள் சொன்ன கடிதத்தில் இதை எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு வரி சேர்க்க வேண்டும். சிசேரியன் செய்தால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது நம் மருத்துவமனைகளில் வெகு சாதாரணம். அது லித்தியத்தை ஏற்றிவிடும். உங்களுக்குப் பாராசிட்டமால் போன்ற வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

பால் கொடுப்பதைப் பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. லித்தியம் தாய்ப்பாலில் கலந்து குழந்தையின் இரத்தத்துக்கும் போகிறது. பிரிட்டனின் வழிகாட்டி நெறிகள் லித்தியம் எடுப்பவர் பால் கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தை என்றால், அதன் இரத்தத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு கொடுக்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அப்படிக் கொடுத்தாலும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து நீர்ச்சத்து குறையும் நாளில் உடனே நிறுத்த வேண்டியிருக்கும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், உங்களைப் போன்றவருக்குப் பாலைவிடத் தூக்கம் முக்கியம் என்பேன். தூக்கம் கெடுவதே பைபோலார் நோயாளிக்குப் பல நேரங்களில் அடுத்த நோய்ப் பருவத்தைத் தொடங்கி வைக்கிறது. இரவில் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்க உங்கள் தாயோ மாமியாரோ கணவரோ முறை வைத்துக்கொண்டால் நீங்கள் தொடர்ந்து ஆறு மணி நேரமாவது தூங்க முடியும். தாய்ப்பால் கொடுக்காதவள் என்று அக்கம்பக்கத்தில் பேசத்தான் செய்வார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதம்தான். பொதுவாக ஆயிரம் பிரசவங்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் மகப்பேற்று மனநோய், பைபோலார் நோயுள்ளவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்கின்படி, பைபோலார் நோயுள்ளவர்களில் கர்ப்பகாலத்தில் மருந்தில்லாமல் இருந்த நூறு பேரில் 66 பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் 23 பேருக்கும் பிரசவத்துக்குப் பின் நோய் திரும்பியது. உங்கள் மாமியாரின் சித்திக்கு நேர்ந்ததும் இதுவாக இருந்திருக்கக்கூடும். அந்தக் கதையைச் சொன்ன மாமியாரையே இதற்குக் காவலாக அமர்த்துங்கள்.

அவருக்கும் கணவருக்கும் அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள்: குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, ஓயாமல் பேசுவது அல்லது திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ அதற்குத் தெய்வ சக்தி இருக்கிறது என்றோ சொல்வது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலைவரை காத்திராமல் அன்றிரவே அழைத்துப் போக வேண்டும். குழந்தையை உங்களிடம் தனியாக விடக்கூடாது. மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் தாமதிக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. தாயால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் தாய் கண்காணிப்போடு குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவே இருக்கிறது. கரூரிலிருந்து ஓர் இரவுப் பயணம்தான். அவ்வளவு தூரம் போகும் நிலை வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த முகவரியையும், உங்கள் மருத்துவர் இல்லாத நாளில் யாரை அழைப்பது என்பதையும் எட்டாம் மாதத்துக்குள் கணவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த இரத்தப் பரிசோதனையின் அளவு வந்ததும் இங்கே தெரிவியுங்கள்.